காடிஸ் கடற்கரையில் ஒன்பது நாள்

ஐரோப்பாவுக்குப் போய் வந்தவனிடம் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தின் உச்சி வரை ஏறினீரா? லண்டனில் அரண்மனையைப் பார்த்தீரா? ரோமாபுரியில் நீரூற்றில் காசு போட்டீரா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் சொன்னால், கேட்டவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

"பின்னே எங்கேதான் போனீர்?"

"ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தோம்."

"கடற்கரையா! நாகப்பட்டினத்தில் இல்லாத கடற்கரையா, ஐயா?"

கேள்வி நியாயமானதுதான். நாகப்பட்டினத்தில் சரித்திர உபாத்தியாயராக இருப்பவனுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் கடல் இருக்கிறதே தவிர, கடற்கரையில் குடும்பத்தோடு பொழுது போக்கும் வழக்கம் எங்களில் பலருக்கு 2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதியோடு போய்விட்டது. என் மனைவி அன்று முதல் கடல் தண்ணீரில் கால் வைத்ததில்லை. காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மைத்துனன் மாட்ரிட் நகரத்தில் ஒரு இஞ்சினியர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். "அத்தான், கோடை லீவுக்கு அக்காவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். டிக்கெட் என் பொறுப்பு. மாட்ரிடில் மே மாதத்திலேயே வெயில் ஆரம்பமாகிவிடும், எல்லோரும் போவதுபோல் நாமும் கடற்கரைக்குப் போய்விடுவோம்" என்று எழுதினான். கடற்கரை என்றதும் என் மனைவியின் முகம் மாறியது. தம்பியைப் பார்க்கும் ஆசை அதை வென்றது.

எந்தக் கடற்கரை என்பதில் ஒரு விவாதம் நடந்தது. ஸ்பெயின் தேசத்துக்குத் தீவுகளையும் சேர்த்து ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அதில் உலகம் அறிந்தது மத்தியதரைக் கடலோரம். அங்கே பெனிடார்ம் என்று ஒரு ஊர். 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் அது சில ஆயிரம் ஜனங்கள் வசித்த மீனவர் கிராமம். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தால் தேசம் பாழாகி, பணமும் இல்லாமல் நட்பும் இல்லாமல் தவித்த காலத்தில், வெயிலையும் மணலையும் அன்னியருக்கு விற்றால் செலாவணி கிடைக்கும் என்று கண்டுகொண்டார்கள். 1956-ல் அந்த ஊருக்கு ஒரு நகர அமைப்புத் திட்டம் போடப்பட்டது. பிறகு கட்டடங்கள் மேலே மேலே எழுந்தன. 2002-ல் திறக்கப்பட்ட ஒரு ஹோட்டலின் உயரம் 186 மீட்டர்! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் மூன்று விமானங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். ஏழைத் தேசம் பிழைக்க வழி தேடியதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த என் மனைவி, "இதில் கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அத்துடன் பெனிடார்ம் கைவிடப்பட்டது.

ஸ்பானியர்கள் தாங்களே போகிற கடற்கரை எது என்று விசாரித்தபோது மைத்துனன் காடிஸ் என்றான். அட்லாண்டிக் சமுத்திரக் கரையில், தேசத்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிற பழைய துறைமுகம். பீனீஷியர்கள் ஸ்தாபித்த ஊர். ஐதீகக் கணக்குப்படி கி.மு. 1104-ல். பூமியைத் தோண்டிப் பார்க்கிறவர்கள் அவ்வளவு தூரம் ஒப்புக்கொள்வதில்லை. எப்படியும் இரண்டாயிரத்து எண்ணூறு வருஷமாக ஜனங்கள் இடைவிடாமல் குடியிருக்கும் ஊர் என்பதில் சந்தேகமில்லை.

மாட்ரிடிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கடைசி அரை மணி நேரத்தில் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. இரண்டு பக்கமும் உப்பளங்கள்! பல பாத்திகள் கைவிடப்பட்டு வெறும் நீர்ப் பரப்பாகக் கிடந்தன. அவற்றில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. நம் கோடிக்கரைக்குப் பனிக்காலத்தில் வந்து நிற்குமே, அதே ஜாதிப் பறவை. வேதாரணியத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் வந்து இறங்கியும் அயலூருக்கு வந்தோம் என்ற எண்ணமே தோன்றவில்லை.

காடிஸ் நகரத்தைப் படத்தில் பார்த்தால் ஒரு கையை நீட்டி முஷ்டியை மடக்கியதுபோல் இருக்கும். முஷ்டிதான் பழைய நகரம். மணிக்கட்டு மிகக் குறுகலான ஒரு நிலத் துண்டு. நகரத்தின் எந்தத் தெருவில் நின்று நேராக நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் எதிர்ப்படும். தெருக்கள் குறுகியவை, இருபுறமும் மூன்று நாலு மாடி வீடுகள். வெயில் தரைக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறது. அமெரிக்காவுடன் வியாபாரம் கொழித்த காலத்தில், தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்ப்பதற்காக வர்த்தகர்கள் மாடி மேல் கட்டிய சிறு கோபுரங்கள் இன்றும் நூற்றுக்கு மேல் நிற்கின்றன. பிரதான தேவாலயத்தைக் கட்ட 1722-ல் ஆரம்பித்து 1838-ல் முடித்தார்கள். நடுவில் பணம் தீர்ந்து போய்விட்டதாம். கடற்காற்றின் உப்பு ஏறிக் கல் பொடிப் பொடியாக உதிர்வதால், உள்ளே மேல் தளத்துக்குக் கீழே வலை கட்டியிருக்கிறார்கள். மீன் ஊரில் கோயிலுக்கும் வலை!

நாங்கள் தங்கியது லா வின்யா என்ற பேட்டையில். இது மீனவர்களின் பேட்டை. எழுபது வயதான ஒரு விதவை அம்மாள், தான் பிறந்த வீட்டிலேயே இரண்டு அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கியிருந்தாள். நாங்கள் மாமிசம் தொடுவதில்லை என்று மைத்துனன் சொன்னதும், "சரி, மீன் சாப்பிடுவீர்கள் அல்லவா?" என்று ஆறுதலாகக் கேட்டாள். மீனும் இல்லை என்று அறிந்தபோது எங்களுக்கு ஏதோ கடுமையான வியாதி என்று நினைத்துக்கொண்டாள் போலும்; அன்று இரவு மிகுந்த பரிவோடு கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து ஒரு கூட்டு செய்து கொடுத்தாள். நம் வீட்டுச் சமையல் என்று சொன்னால் நம்பலாம். தக்காளியையும் வெள்ளரிக்காயையும் அரைத்து, எண்ணெய்யும் காடியும் விட்டு, சில்லென்று கிண்ணத்தில் தருகிறார்கள். அதை ஆறிப்போன ரசம் என்று எண்ணாமல் குடித்தால் வெயிலுக்கு அமிர்தம்தான். காலையில் கடைகளில் தேன்குழல் போலப் பிழிந்து எண்ணெயில் பொரித்துச் சாக்லேட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்னும் பண்டம் ஒன்று உண்டு. ஒரு கடையில் கடலை மாவும் வெங்காயமும் பச்சைத் தழையும் கலந்து மெல்லிய அடை போல எண்ணெயில் விடுவதைப் பார்த்த என் மனைவி, "இதோ பாருங்கள், நம் ஊர் பகோடா!" என்று கையை நீட்டிவிட்டாள். "கொஞ்சம் இரு, அக்கா, அதில் பொடி இறால் இருக்கிறது" என்று தம்பி தடுத்தான்.

இனி, வந்த காரியத்துக்கு வருகிறேன்.

லா வின்யாவிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் லா கலேட்டா என்ற சிறிய கடற்கரை. பிறைச் சந்திரன் போல் வளைந்த மணல். அளந்தால் அரைக் கிலோமீட்டர்கூட இராது. ஒரு கோடியில் ஸாண்டா கத்தலீனா கோட்டை. மறு கோடியில் கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு கல் பாதை, அதன் நுனியில் ஸான் செபஸ்தியான் கோட்டை. 1596-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கப்பல்களில் வந்து ஊரைக் கொள்ளையிட்டுத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் முதற் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். மணலின் நடுவே, தூண்களின் மேல் இரண்டு கைகளையும் விரித்தாற்போல் ஒரு வெள்ளை ஸ்நான மண்டபம். 1926-ல் கட்டியது. இப்போது அதில் கடலடிப் புதைபொருள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2002-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் சினிமாவில் இந்தக் கடற்கரையையே கியூபா தேசத்து ஹவானா நகரம் என்று காட்டினார்களாம். எங்கள் வீட்டுக்கார அம்மாளுக்கு அதில் பெருமையும் இருந்தது, கோபமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். அந்தப் பேட்டையே பெயர்ந்து கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தது. குடை, மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, மேஜை விரிப்பு, சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஐஸ் பெட்டி, குழந்தைகள், குழந்தைகளின் பாட்டிமார். ஒரு குடும்பம் வந்து இடம் பிடித்தால் இரவு வரை அது அவர்கள் வீட்டுக் கூடம். பாட்டிமார் எட்டுப் பேர், பத்துப் பேராக வட்டமாக உட்கார்ந்து, எண் அட்டைகளை வைத்துக்கொண்டு பிங்கோ ஆடுகிறார்கள். ஒருத்தி எண்ணைக் கூவுகிறாள். ஜெயித்தவளுக்குச் சில்லறைக் காசு. ஆட்டத்தைவிட வம்பு அதிகம் என்பது பாஷை தெரியாத எங்களுக்கே தெரிந்தது. அட்லாண்டிக்கில் வேலியேற்றமும் வற்றமும் பெரிது. தண்ணீர் பின்வாங்கியதும் பாறைகள் வெளிப்படுகின்றன. சிறுவர்கள் வாளியுடன் நண்டு தேடப் போகிறார்கள். சின்னச் சின்ன மரப் படகுகள் நங்கூரக் கயிற்றோடு மணலில் சாய்ந்து படுத்துக்கொள்கின்றன.

இவற்றில் எதற்கும் ஒரு காசு கட்டணம் இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பாவில் சில தேசங்களில் நல்ல மணற்பரப்பெல்லாம் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்களின் வசம் போய்விடுகிறது. ஸ்பெயினில் 1978-ஆம் வருஷத்து அரசியல் சாசனத்திலேயே, கடலோரமும் மணற்பரப்பும் பொது உடைமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1988-ல் கடற்கரைச் சட்டம் என்று ஒன்று செய்து அதற்குப் பல் முளைக்க வைத்தார்கள். அலை எட்டும் இடமும் மணலும் யாரும் விற்கவோ வாங்கவோ முடியாதவை. யாரும் வேலி போட்டுத் தடுக்க முடியாதவை. அதற்கு அடுத்தாற்போல் ஆறு மீட்டர் அகலத்துக்கு ஜனங்கள் நடந்து போக வழி விட வேண்டும். ஊருக்கு வெளியே கடலோரத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டக்கூடாது. ஏற்கனவே வீடுகள் நெருங்கிய இடமானால் 20 மீட்டர்.

சட்டம் இருந்தால் மீறுகிறவர்களும் இருப்பார்கள் என்பது எல்லா தேசத்துக்கும் பொது. தென்கிழக்கே அல்மேரியா ஜில்லாவில், காபோ தே காட்டா என்ற பாதுகாக்கப்பட்ட வனப் பகுதியில், மணலுக்கு மேலேயே 411 அறைகளுடன் ஒரு ராட்சத ஹோட்டலை எழுப்பினார்கள். கட்டடம் முடிகிற தறுவாயில், 2006-ல், நியாயஸ்தலம் வேலையை நிறுத்தியது. ஒரு விருந்தாளிகூட ஒரு இரவும் தங்காமல், இடிப்பதா வேண்டாமா என்ற வழக்குகளுக்கு நடுவே அது வருஷக் கணக்கில் சிமெண்டு எலும்புக்கூடாக நின்றது. 2013-ல் சட்டத்தையே கொஞ்சம் தளர்த்தி, கடலோரத்தில் பழைய கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு 75 வருஷம் வரை தவணை கொடுத்துவிட்டார்கள். ஆயினும் அடிப்படை மாறவில்லை. லா கலேட்டாவில் பிங்கோ ஆடும் பாட்டி யாருடைய தயவிலும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

கடலைச் சொந்தம் கொண்டாடியவர்கள் முன்பு இருந்தார்கள். காடிஸுக்குத் தெற்கே உள்ள கரையில், வசந்த காலத்தில் சூரை மீன்கள் முட்டையிடுவதற்காக அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் போகும். பல இருநூறு கிலோ எடையுள்ள ராட்சத மீன்கள். அவற்றின் வழியில் வலைகளால் அறை அறையாகக் கட்டி, கடைசி அறைக்குள் ஓட்டி மேலே தூக்குவார்கள். இந்த மீன்பிடிப்பு முழுவதும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரையில் மெதீனா ஸிதோனியா என்ற பிரபு வம்சத்தின் ஏகபோகம். வலை இழுப்பவன் வலைஞன், மீன் பிரபுவினுடையது. இன்று பார்பாதே, கோனில், ஸஹாரா, தாரிபா ஆகிய ஊர்களில் அதே வலை முறை நடக்கிறது. எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குச் சர்வதேச வரம்பு இருக்கிறது. நாங்கள் போன மே மாதம் அதற்குரிய பருவம். சந்தையில் தொடை தொடையாகச் சிவப்பு மாமிசம் தொங்குவதைப் பார்த்து என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அதன் சரித்திரம்தான் ருசித்தது.

அந்தச் சரித்திரத்தைத் தேடி ஒரு நாள் வாடகைக் காரில் பொலோனியா என்ற இடத்துக்குப் போனோம். கடல் ஓரத்தில் ரோமானியர் கட்டிய ஒரு சிறு பட்டணம் இடிபாடாகக் கிடக்கிறது. பயெலோ கிளாடியா என்று பெயர். கடைத்தெரு, கோயில்கள், நாடக அரங்கு எல்லாம் உண்டு. ஆனால் ஊரின் உயிர் மணலை ஒட்டிய உப்புத் தொட்டிகளில் இருந்தது. வட்டமும் சதுரமுமாகக் கல் தொட்டிகள். மீனை உப்பிட்டு அவற்றில் போட்டு, வெயிலில் மாதக் கணக்கில் ஊறவைத்து, அதிலிருந்து ஒரு சாறு எடுப்பார்களாம். ரோமானியர்கள் அதை எல்லாவற்றிலும் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஜாடியில் அடைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். நேயர்கள் இதைக் கேட்க வேண்டும்: நம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ஜாடித் துண்டுகளுக்குள், ஸ்பெயின் தேசத்து மீன் சாறு வந்த ஜாடிகளின் துண்டுகளும் இருக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளின் விளிம்பில் உட்கார்ந்து, சோழ நாட்டுக் கரையோரம் எவனோ ஒரு யவனன் ஊர் ஞாபகம் வந்து அந்த ஜாடியைத் திறந்திருப்பான் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று லெவாந்தே என்ற கீழ்க்காற்று வீசியது. மணல் துகள்கள் ஊசி போல் குத்தின. இந்தக் காற்று தொடர்ந்து சில நாள் அடித்தால் மனிதருக்குப் புத்தி கலங்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒரு மணி நேரத்தில் நானும் நம்பினேன். காற்று மேலெழுப்பிய மணல் முப்பது மீட்டர் உயரத்துக்குக் குன்றாகக் குவிந்து, பைன் மரக் காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. எதிரே, கடலுக்கு அப்பால், நீலமாக ஆப்பிரிக்கா. தாரிபாவுக்கு அருகில் ஜலசந்தியின் அகலம் வெறும் 14 கிலோமீட்டர். அதைச் சிறு படகுகளில் இரவில் கடந்து பிழைப்புத் தேடி வர முயன்று மூழ்கியவர்கள் அநேகர். தாரிபாவின் கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாமலே புதைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் விமானத்தில் வந்து, முத்திரை குத்திய பாஸ்போர்ட்டுடன் அந்த மணலில் நின்றோம். அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசவில்லை.

காடிஸுக்குத் திரும்பிய மறுநாள் ஸான் பெலிப்பே நேரி என்ற நீள்வட்டமான தேவாலயத்தைப் பார்த்தேன். சரித்திர உபாத்தியாயன் என்ற முறையில் இதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பாது. 1810 முதல் 1812 வரை நெப்போலியனுடைய பிரெஞ்சுப் படைகள் நகரத்தை முற்றுகையிட்டிருந்தன. தேசத்தின் பெரும் பகுதி அன்னியன் கையில். ராஜாவும் அவன் சிறையில். அந்த நிலையில் ஸ்பெயினிலிருந்தும், அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்தும், பிலிப்பைன் தீவுகளின் பெயரிலும் பிரதிநிதிகள் கூடி ஒரு அரசியல் சாசனம் எழுதினார்கள். 1812 மார்ச் 19-ந் தேதி அது பிரகடனமாயிற்று. ஆட்சி அதிகாரம் தேசத்தைச் சேர்ந்தது என்றும், தேசம் எந்தக் குடும்பத்துக்கும் எந்தத் தனி மனிதனுக்கும் பிதிரார்ஜிதம் ஆகாது என்றும் அதன் ஆரம்ப விதிகள் கூறுகின்றன. குறைகளும் உண்டு. ஆப்பிரிக்க வம்சத்தாருக்குப் பிரஜா உரிமையை மறுத்தார்கள். அடிமை முறையை ஒழிக்கவில்லை. ராஜா விடுதலையாகி வந்ததும், 1814-ல், சாசனத்தையே கிழித்துப் போட்டார். ஆனால் அதன் புகழ் கடல் கடந்து வங்காளம் வரை வந்தது. அந்தச் சாசனத்தின் ஒரு பதிப்பு நம் ராஜா ராம் மோஹன் ராய்க்குச் சமர்ப்பணம் செய்து வெளியிடப்பட்டது. அன்று அவருடைய தேசத்தில் பிரஜை என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, என்னை மிகவும் பாதித்த இடம் ஒரு தெரு என்று சொன்னால் நேயர்கள் வியக்கலாம். எங்கள் ஜாகைக்கு அடுத்த லா பால்மா தெரு அது. இருபுறமும் சாப்பாட்டுக் கடைகள். நடுவே சிறிய மாதா கோயில். 1755 நவம்பர் 1-ந் தேதி காலையில் லிஸ்பன் நகரத்தை நாசமாக்கிய பூகம்பம் இங்கும் அதிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கடல் எழுந்து வந்தது. பயந்த ஜனங்கள் அந்தக் குறுகிய மணிக்கட்டு வழியாக உள்நாட்டுக்கு ஓடப் பார்த்தார்கள். நகரத்தின் கவர்னர் வாயிற்கதவை மூடச் சொல்லிவிட்டார். கொடுமை என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் வெளியே போய்விட்டவர்களைத்தான் இருபுறமும் வந்த அலைகள் அடித்துக்கொண்டு போயின. லா வின்யாவுக்குள் தண்ணீர் ஏறியபோது, கோயில் பாதிரியார் மாதாவின் கொடியை எடுத்து வந்து தெருவில் நாட்டினார் என்றும், அந்த இடத்தோடு கடல் நின்றது என்றும் ஐதீகம். இன்றும் ஒவ்வொரு நவம்பர் முதல் தேதியும் மாதாவை ஊர்வலமாக எடுத்து வருகிறார்கள்.

இதை எங்களுக்குச் சொன்னவள் வீட்டுக்கார அம்மாள். மைத்துனன் மொழிபெயர்த்தான். ஏதோ போன வருஷம் நடந்தது போலவே சொன்னாள். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கள் ஊரிலும் வந்தது என்று சொல்லுடா" என்றாள். அவன் சொன்னான். அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தத் தெரு வரை வந்தது?" என்று கேட்டாள். பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்றுதான் கேட்பது வழக்கம். எந்தத் தெரு வரை என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். என் மனைவி தெருத் தெருவாகச் சொல்லத் தொடங்கினாள். அன்று இரவு வெகுநேரமாயிற்று.

அந்தப் பேட்டைக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து வேறு விதமானது. சில வீட்டு வாசல்களில் எண் பொறித்த சிறு இரும்புப் பெட்டிகள் தொங்குகின்றன. அவற்றுக்குள் சாவி இருக்கும். நாள் வாடகைக்கு வருகிற பிரயாணி எண்ணைத் திருப்பி எடுத்துக்கொள்வான். வீட்டுக்காரனை அவன் பார்ப்பதே இல்லை. மாத வாடகைக்கு இருந்த குடும்பம் தருவதைவிட இது அதிக லாபம். குடும்பங்கள் வெளியேறுகின்றன. 1990-ஐ ஒட்டி ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை இப்போது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைச் சுற்றி வந்துவிட்டது. பிரயாணிகள் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல. கப்பல் கட்டும் தொழில் நசித்ததும், புதிதாக வீடு கட்ட ஊரில் இடமே இல்லாததும் பழைய காரணங்கள். ஆனாலும் 4 கோடியே 90 லட்சம் ஜனங்கள் உள்ள தேசத்துக்கு 2024-ஆம் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 9 கோடியே 40 லட்சம் வெளிநாட்டார் வந்தார்கள் என்றால், விருந்தாளியைப் பார்த்து வீட்டுக்காரன் பெருமூச்சு விடத்தான் செய்வான். அந்த வருஷம் கானரித் தீவுகளிலும் மாலகாவிலும் ஜனங்கள் ஆயிரக் கணக்கில் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாளின் மகன் வாடகை கட்ட முடியாமல் விரிகுடாவுக்கு அப்பால் குடி போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழந்தைகளுடன் பஸ் ஏறி லா கலேட்டாவுக்கு வருகிறான். மணலைச் சட்டம் காப்பாற்றிவிட்டது. மணலுக்கு வருகிறவன் குடியிருக்க ஒரு வீட்டைக் காப்பாற்ற இன்னும் சட்டம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி நாள் மாலை எல்லோருமாகக் கடற்கரைக்குப் போனோம். மாலை என்று பழக்கத்தால் சொல்கிறேன். கடிகாரத்தில் இரவு ஒன்பது மணி. சூரியன் நன்றாக இருந்தான். இதற்கு ஒரு கதை உண்டு. பூகோளப்படி ஸ்பெயின் லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய தேசம். 1940-ல் சர்வாதிகாரி பிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்து, பெர்லின் நேரத்துக்கு ஒத்துக்கொள்ளும்படி செய்தார். பெர்லினில் இருந்தவன் போய்விட்டான். பிராங்கோவும் 1975-ல் போய்விட்டார். கடிகாரம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. அதனால் கோடையில் அட்லாண்டிக் கரையில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வெயில் காயலாம்.

வீட்டுக்கார அம்மாள் தன் வட்டத்தில் என் மனைவிக்கு ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு எண் அட்டையைக் கொடுத்துவிட்டாள். ஸ்பானிய பாஷையில் ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்ணத் தெரியாதவள் எப்படி ஆடினாளோ தெரியாது. பக்கத்துக் கிழவிகள் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார்கள். அறுபது சென்ட் ஜெயித்தாள். தண்ணீர் வற்றி, படகுகள் சாய்ந்து, பாறைகளுக்கு இடையே குட்டை குட்டையாகக் கடல் தேங்கி நின்றது. ஆட்டம் முடிந்ததும் கிழவிகள் வழக்கம்போல் எழுந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால் நனைக்கப் புறப்பட்டார்கள். அம்மாள் திரும்பிப் பார்த்து இவளுக்கும் கையை நீட்டினாள்.

நானும் மைத்துனனும் மணலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கணுக்கால் அளவு. பிறகு முழங்கால் அளவு. "அத்தான், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்குமே" என்றான் அவன். இருந்திருக்கும், அட்லாண்டிக் மே மாதத்தில் சூடாவதில்லை. புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கிழவிகளுக்கு நடுவே நின்றாள். ஒன்பதரை மணிக்குச் சூரியன் ஸான் செபஸ்தியான் கோட்டைக்கு அப்பால் கடலைத் தொட்டான். யாரோ கை தட்டினார்கள். கிழவிகள் ஒருத்தியும் திரும்பவில்லை. ஏதோ ஒரு வம்பு பாதியில் நின்றிருந்தது போலும். அது முடிகிற வரையில் தண்ணீரிலேயே நின்று பேசிவிட்டு, இருட்டிய பிறகு கரையேறினார்கள்.